மூன்றாம் அத்தியாயத்தில் நின்ற நாவல்: எழுத்து, தாய்மை, ஆசிரியப் பணி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு எதற்காக

எழுதும் பெண்களில் ஆசிரியைகள் நிறையப் பேர். அவர்களில் பலர் தாய்மார்களும்கூட. எழுத்து ஏன் நின்றுபோனது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் "நேரமே கிடைக்கல" என்பதுதான். அது பொய்யல்ல. ஆனால் இங்கே பதியும் நிகழ்வில் நேரம் கிடைத்த பிறகும் நாவல் நகரவில்லை. ஏன் நகரவில்லை, எதை மாற்றியபோது நகர்ந்தது, அதற்கு யார் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதே இதன் பொருள்.

இதில் என் இடம், பிரதியைச் செம்மைப்படுத்தும் பதிப்பாசிரியர் என்பது மட்டும். பிரதியில் நடந்ததை நேரடியாகப் பார்த்தேன். வீட்டிலும் பள்ளியிலும் நடந்தது அவர் சொன்ன அளவுக்குத்தான் தெரியும். எழுத்தாளரும் அவர் கணவரும் இந்தப் பதிவை வாசித்துச் சம்மதித்திருக்கிறார்கள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

அவர் உயர்நிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் நடத்துகிறவர். வயது முப்பதுகளின் நடுவில். கல்லூரி நாட்களிலேயே சிறுகதை எழுதத் தொடங்கி, முதல் குழந்தை பிறப்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு தொகுப்பும் கொண்டுவந்திருந்தார். வாசித்தவர்கள் பேசினார்கள். அடுத்தது நாவல்தான் என்று அவரும் சொன்னார், பதிப்பகமும் சொன்னது.

அப்புறம் இரண்டு பிரசவங்கள். நடுவில் வேலைக்குத் திரும்பினார், மறுபடி விடுப்பு, மறுபடி திரும்பினார். பிரதி என் கைக்கு வந்தபோது மூத்த மகளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு இரண்டு. நாவல் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு அத்தியாயங்கள் முடிந்திருந்தன. மூன்றாவது பாதியில் நின்றது.

கணவருக்கு அலுவலக வேலை. மனைவியின் எழுத்தை மதிப்பவர். இப்படிப்பட்ட கதைகளில் வாசகர்கள் எதிர்பார்க்கும் வில்லன் இங்கே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சின்ன அறையை ஒழித்து மேசை போட்டுக் கொடுத்தது அவர்தான். இரவு ஒன்பதிலிருந்து பத்தரை வரை குழந்தைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் ஒப்புக்கொண்டு, ஏறக்குறைய அப்படியே நடந்தும் கொண்டார். பெண் புனைவு எழுதப் பணமும் சொந்த அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் வாதிட்டார். இவருக்கு மாதச் சம்பளம் இருந்தது, அறை இருந்தது, வாரத்தில் ஐந்து இரவுகள் ஒன்றரை மணி நேரமும் இருந்தது. ஓர் ஆண்டு அப்படி உட்கார்ந்தும் மூன்றாம் அத்தியாயம் முடியவில்லை.

அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட முடிவுதான் கவலை தந்தது. "எல்லாரும் எனக்காக இவ்வளவு செய்யறாங்க. இனிமே காரணம் சொல்ல முடியாது. எனக்குள்ள இருந்தது தீர்ந்துபோச்சு போல" என்றார்.

கவனித்தவை: பிரதியில்

புதிய பக்கங்களுக்குப் பதிலாக, கணினியில் கிடந்த எல்லா வரைவுகளையும் அனுப்பச் சொன்னேன். முதல் அத்தியாயத்துக்கு ஒன்பது வடிவங்கள் இருந்தன. இரண்டாவதற்கு நான்கு. மூன்றாவதற்கு ஒன்றே ஒன்று, அதுவும் பாதி.

ஒன்பதையும் அடுத்தடுத்து வாசித்தபோது ஒரு விஷயம் தெளிவானது. மூன்றாவது வடிவம்தான் இருப்பதில் சிறந்தது. அதற்குப் பின் வந்த ஆறும் அதைத் தேய்த்திருந்தன. வாக்கியங்கள் இன்னும் ஒழுங்காகின, உயிர் குறைந்தது. ஏன் இத்தனை முறை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் மிகச் சாதாரணமானது. கோப்பைத் திறந்தவுடன் கதைக்குள் போக முடிவதில்லை. அதனால் முதல் பக்கத்திலிருந்து வாசித்து வருவார். வாசிக்கும்போது ஒரு வாக்கியம் உறுத்தும், திருத்துவார். அடுத்த பக்கத்தில் இன்னொன்று. விட்ட இடத்துக்கு வந்து சேரும்போது மணி பத்து தாண்டியிருக்கும். மறுநாள் பள்ளி. மூடி வைத்துவிடுவார்.

ஆக, அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர் எழுதாமல் இருக்கவில்லை. எழுதினார், ஆனால் ஏற்கனவே எழுதியதையே எழுதினார். நாவலுக்குள் திரும்பி நுழைவதற்கே முழு நேரமும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாவதாகக் கண்டது, நடை. தொகுப்பிலிருந்த கதைகளில் அவர் எதையும் விளக்கமாட்டார். ஒரு பெண் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாள், அவ்வளவுதான். நாவல் வரைவில் அதேபோன்ற இடத்தில், அவள் எழுந்து போன பிறகு "அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை" என்று ஒரு வரி வருகிறது. அதற்குப் பின், ஏன் பிடிக்கவில்லை என்று இன்னொரு வரி. பத்திகளின் கடைசி வாக்கியம் பத்தியைச் சுருக்கிச் சொல்கிறது. கதைசொல்லி வாசகரைப் பார்த்து "புரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வருவதுபோல இருந்தது.

கோப்புகளின் தேதியைப் பார்த்தோம். பள்ளி நடக்கும் மாதங்களில், இரவில் எழுதிய பக்கங்களில் இது அதிகம். நீண்ட விடுமுறையில் எழுதிய ஏழெட்டுப் பக்கங்களில் அநேகமாக இல்லை. பகல் முழுக்க எதையும் மிச்சம் வைக்காமல் விளக்கிச் சொல்வது ஆசிரியரின் தொழில். வீட்டுக்கு வந்தபின் கட்டுரை நோட்டுகளில் "விரிவாக எழுதுக", "தெளிவில்லை" என்று எழுதிக்கொண்டிருந்த அதே கை, அரை மணி நேரம் கழித்துப் புனைவு எழுத உட்காருகிறது. விளக்காமல் விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். அந்த நேரத்தில் அவரிடம் அது மிச்சமில்லை.

மொழிப்பாடம் நடத்துவது எழுத்தாளருக்கு உகந்த வேலை என்று பொதுவாக ஒரு நினைப்பு இருக்கிறது. விடுமுறை உண்டு, மொழியோடு புழக்கம் உண்டு என்பார்கள். விடுமுறை சரி. மொழியோடு புழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம். கணக்குப் பாடம் நடத்துகிறவருக்கு மாலையில் மொழி புதிதாகக் கிடைக்கும். இவருக்குக் கிடைப்பது பகலெல்லாம் பயன்படுத்திக் களைத்துப்போன மொழி.

கவனித்தவை: நாளில்

ஒரு வாரத்துக்கு ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன். என்ன செய்தீர்கள் என்பதைவிட, எழுத உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடத்தில் மனத்தில் என்ன ஓடியது என்பதே எனக்கு வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பில் இருந்தவற்றில் சில: மகள் கொண்டுவந்த சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டோமா, இளையவன் இருமுவது நேற்றையதைவிட அதிகமா, வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்கக் கடைசி நாள் எது, ஒரு மாணவி இரண்டு நாளாக இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், நாளை கூப்பிட்டுப் பேச வேண்டும்.

கதவு சாத்தியிருந்தது, குழந்தைகளைக் கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் இருமலைக் கவனிக்கும் வேலை அறைக்குள் இவரோடு வந்துவிட்டது. சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 35 தம்பதியரைப் பேட்டி கண்டு 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. குடும்பம் நடத்துவதில் கண்ணுக்குத் தெரியாத நான்கு வேலைகள் இருக்கின்றன: வரப்போவதை முன்கூட்டி நினைப்பது, அதற்கு என்ன வழி என்று தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவன்மார் பங்கெடுத்தார்கள். முன்கூட்டி நினைப்பதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவியரிடமே இருந்தன. இந்த வீட்டிலும் அப்படித்தான். குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் பகிரப்பட்டிருந்தன. நினைவில் வைத்திருப்பது பகிரப்படவில்லை.

பள்ளி வேலைக்கும் இதே குணம் உண்டு. திருத்தி முடித்த நோட்டுகளைக் கட்டி வைத்துவிடலாம், தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவியைக் கட்டி வைக்க முடியாது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தில் ஒரு பகுதி முந்தையதிலேயே தங்கிவிடுகிறது என்றும், புதிய வேலை அதனால் கெடுகிறது என்றும் ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தாய்மையும் ஆசிரியப் பணியும் எந்த நாளிலும் முடியாத வேலைகள். ஆகவே எச்சம் தங்காத இரவே இவருக்கு வாய்க்கப்போவதில்லை. இதை ஏற்றுக்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்ப்பதே வழி என்று தோன்றியது.

முதல் முயற்சி: விடியற்காலை

இந்தப் பேச்சு வருவதற்கு முன்பே அவர் தானாக ஒரு முயற்சி செய்திருந்தார். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி, அவர்கள் எழும் முன் விடியலில் எழுதினார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அவருடைய முதல் நாவல் 1970-இல் வந்தது. அதை நம்பி இவரும் நாலரைக்கு அலாரம் வைத்தார்.

மூன்று வாரங்கள்கூட நிற்கவில்லை. இரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் பக்கத்தில் படுப்பவன். அம்மா எழுந்த சில நிமிடங்களில் அவனும் எழுந்துவிடுவான். அதோடு, குறைந்த தூக்கத்தின் விளைவு வகுப்பில் தெரிந்தது. ஒரு நாள் சின்ன விஷயத்துக்கு ஒரு மாணவனிடம் கத்திவிட்டார். அன்றே அலாரத்தை எடுத்துவிட்டார்.

விடியற்காலை எழுத்தை ஒழுக்கத்தின் அளவுகோலாக எழுத்தாளர்களிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது பல நேரம் குழந்தையின் தூக்கத்தைப் பொறுத்த விஷயம், அவ்வளவே. இவர் அதை மனவுறுதிக் குறைவு என்று எடுத்துக்கொண்டு, தன் மீதான குற்றப்பட்டியலில் ஒன்றைச் சேர்த்திருந்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

*முதல் இரண்டு அத்தியாயங்களைக் கையை விட்டு எடுத்தது.* முதலில் செய்தது இதுதான். "மூணாவது வடிவத்தை என்கிட்ட குடுத்துடுங்க. உங்க கணினியிலேர்ந்து எடுத்துடுங்க. நாவல் முடியற வரைக்கும் திருப்பித் தர மாட்டேன்" என்றேன். அவர் தயங்கினார். முதல் அத்தியாயத்தைத் திருத்துவது அவருக்கு வேலை செய்த திருப்தியைத் தந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் வெறுமையோடு உட்கார நேரும் என்ற பயம் நியாயமானதே. முதல் இரண்டு வாரங்கள் அப்படியே நடந்தது.

*இரண்டு குறிப்புகள்.* எழுதி முடிக்கும் ஒவ்வொரு முறையும் கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்று நான்கு வரிகள் எழுதி வைக்க வேண்டும்: பாத்திரங்கள் இப்போது எங்கே நிற்கிறார்கள், அடுத்து நடக்க வேண்டியது என்ன, எனக்கே தெரியாமல் இருப்பது எது. அடுத்த முறை முதலிலிருந்து வாசிக்கக் கூடாது. குறிப்பையும் கடைசிப் பத்தியையும் மட்டும் வாசித்துவிட்டு எழுதத் தொடங்க வேண்டும்.

இன்னொரு குறிப்பு பள்ளிக்கானது. லெராய், தெரேசா குளோம்ப் இருவரும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுவிட்டுப் போகும் வேலையில் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்யப்போகிறோம் என்று சுருக்கமாக எழுதி வைத்தவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் மேம்பட்டிருந்தது. அதன்படி பார்த்தால் பள்ளியைப் பற்றிய குறிப்பு எழுத்துக்கு உதவும், எழுத்தைப் பற்றிய குறிப்பு வீட்டுக்கு உதவும். எனவே எழுத உட்காரும் முன் ஒரு துண்டுத்தாளில் பள்ளி மிச்சங்களை எழுதுவார். "வினாத்தாள், வியாழன். அந்த மாணவி, நாளை இரண்டாம் பாடவேளை முடிந்ததும்." பிறகு தாளைக் கைப்பைக்குள் போட்டுவிடுவார்.

*நேரத்தை இடம் மாற்றியது.* ஐந்து இரவுகளை விட்டுவிட்டோம். முதலில் பள்ளியில் ஓய்வு வேளையில் எழுதிப் பார்த்தார். விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதில் வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் அது நிலையில்லாமல் போனது. கடைசியில் நின்றது இது: வாரத்தில் இரண்டு நாட்கள் பள்ளி விட்டதும் நூலக அறையில் ஐம்பது நிமிடங்கள், சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம். அந்த இரு நாட்களும் குழந்தைகளைக் கூட்டிவருவது கணவர். மொத்தமாகக் கூட்டினால் வாரத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. முன்பு இருந்தது ஏழரை. குறைத்தோம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டு நினைவுகள் தொடங்குவதற்கு முன்பும், நோட்டு திருத்துவதற்கு முன்பும் வரும் ஐம்பது நிமிடம், இரண்டும் முடிந்த பின் வரும் ஒன்றரை மணியைவிட மேல் என்று நினைத்தோம்.

*திருத்தும் முறையை மாற்றியது.* அவர் ஒவ்வொரு கட்டுரையிலும் எல்லாப் பிழைகளையும் குறித்து, கீழே நீண்ட கருத்தும் எழுதுவார். ஒரு நோட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும். இனி ஒவ்வொரு கட்டுரைக்கும் எதைப் பார்க்கப்போகிறேன் என்று மாணவர்களிடம் முன்பே சொல்லிவிட்டு அதை மட்டும் திருத்துவது என்று வைத்துக்கொண்டார். ஒரு முறை பத்தி பிரிப்பது, ஒரு முறை தொடக்கம், ஒரு முறை ஒற்றுப்பிழை. பொதுவான பிழைகளை வகுப்பில் கரும்பலகையில் பேசுவது. மொழி கற்பிப்பதில் இது புதிய முறை ஒன்றும் இல்லை. பள்ளித் தலைமை முழுத் திருத்தம்தான் வேண்டும் என்றது. பேசிப் பேசி, பாதிக் கட்டுரைகளுக்கு மட்டும் இந்த முறைக்கு அனுமதி கிடைத்தது. கேட்டபோது "எழுத நேரம் வேணும்" என்று அவர் சொல்லவில்லை. கற்பித்தல் காரணங்களை மட்டும் சொன்னார். அந்தக் காரணங்களும் உண்மைதான்.

*ஒரு பொறுப்பை முழுதாகக் கைமாற்றியது.* இதுதான் எல்லாவற்றிலும் கடினம். மகளின் பள்ளி தொடர்பான எல்லாம், அதாவது சுற்றறிக்கை, கட்டணம், சீருடை, ஆசிரியர் சந்திப்பு, போட்டிகள், நினைவில் வைத்திருப்பது உட்பட கணவருடையது. உதவி என்ற சொல்லையே பேச்சிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதல் மாதம் கணவர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே இருந்தார்: "நாளைக்கு என்ன கலர் சட்டை?" "அந்த ஃபார்ம் எங்கே?" கேட்கும் ஒவ்வொரு முறையும் கண்காணிக்கும் வேலை இவரிடமே திரும்பி வந்தது. அதனால் ஒரு விதி: அவர் கேட்கக் கூடாது, இவர் நினைவூட்டக் கூடாது. இரண்டாவது பாதிதான் இவருக்கு முடியவில்லை. மருத்துவம் மட்டும் இவரிடமே இருக்கட்டும் என்று இவரே கேட்டு வைத்துக்கொண்டார்.

*எழுதாத மாதங்களை அறிவித்தது.* தேர்வும் விடைத்தாள் திருத்தமும் நடக்கும் வாரங்களில் எழுதுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு. எப்படியும் அந்த வாரங்களில் எழுத முடிவதில்லை. முன்பு அது தோல்விக் கணக்கில் போனது, இப்போது ஏற்பாட்டின் பகுதி ஆயிற்று. குற்றவுணர்வு இல்லாமல் விட்ட வேலைக்குத் திரும்புவது எளிது என்பது என் கணிப்பு.

பின் நடந்தது

நான்காம் மாதத்தில் மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. ஐந்தாம் மாதம் ஒரு சிக்கல். புதிதாக எழுதிய பக்கங்களில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வரும் காட்சி மிகக் கூர்மையாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த மாணவி சொன்னது. நம்பிச் சொன்னது.

இதைப் பற்றி இருவரும் நீண்ட நேரம் பேசினோம். பெயர் மாற்றியிருந்தார், ஊர் மாற்றியிருந்தார். ஆனால் அந்த மாணவி வாசித்தால் தன்னைக் கண்டுகொள்வாள், அவள் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் கண்டுகொள்ளக்கூடும். காட்சி நீக்கப்பட்டது. அது நாவலின் சிறந்த பக்கங்களில் ஒன்று, அதன் இடத்தில் வந்தது அவ்வளவு நன்றாக இல்லை. தற்போதைய மாணவர்கள் ஆசிரியரிடம் சொன்ன எதையும் பயன்படுத்துவதில்லை என்று அதன்பின் ஒரு வரையறை வைத்துக்கொண்டார். எழுத்தாளருக்கு எல்லாமே கச்சாப்பொருள் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆசிரியர் என்ற இடத்துக்கு அது பொருந்தாது. அந்தப் பெண் பேசியது எழுத்தாளரிடம் அல்ல.

வீட்டிலும் இதன் ஒரு வடிவம் வந்தது. மகள் ஒரு நாள் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, என்னைப் பத்தி எழுதுறியா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சிறுவயதில் அவள் சொன்ன இரண்டு வாக்கியங்கள் நாவலில் இருந்தன. வாசித்துக் காட்டினார். ஒன்றுக்குச் சரி என்றாள், இன்னொன்று வேண்டாம் என்றாள். இன்னொன்று போனது.

ஏழாம் மாதம் கைமாற்றிய பொறுப்புக்குச் சோதனை. மகளின் ஓவியப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளைக் கணவர் தவறவிட்டார். இரண்டு நாட்களுக்கு முன்பே இவருக்கு நினைவு வந்தது, விதிப்படி சொல்லவில்லை. மகள் அழுதாள். "எனக்குத் தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்னு அவளுக்குத் தெரியாது. அதான் இன்னும் கஷ்டமா இருக்கு" என்றார் என்னிடம். கணவர் மகளிடம் தானே மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகு நாட்காட்டியில் குறித்து வைக்கத் தொடங்கினார். இதை ஏற்பாட்டின் வெற்றியாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர்கள் இருவரின் கற்றலுக்கு எட்டு வயதுக் குழந்தை விலை கொடுத்தாள்.

ஒன்பதாம் மாதம் இளையவனுக்கு மூச்சுத் தொந்தரவு வந்து, ஏழு வாரங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இரவெல்லாம் விழிப்பு, பகலில் வகுப்பு. முன்பாக இருந்தால் இத்தனை நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் அத்தியாயத்தின் பத்தாவது வடிவம் தொடங்கியிருக்கும். இந்த முறை, பிள்ளை தேறியபின் வந்த முதல் சனிக்கிழமை, கடைசிக் குறிப்பை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்தது: "அக்கா இன்னும் வாசலில். தம்பி உள்ளே வரச் சொல்வானா, தெரியவில்லை. சாவி யாரிடம்?" அன்றே இரண்டு பக்கங்கள் எழுதினார். அன்றுவரை இந்தக் குறிப்பு விஷயம் ஒரு சின்ன உத்தி என்றுதான் நினைத்திருந்தேன். மொத்த ஏற்பாட்டில் அதுதான் முதுகெலும்பு என்று அப்போது தெரிந்தது.

விளக்கும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. சனிக்கிழமைப் பக்கங்களில் குறைந்தது. பள்ளி முடிந்து எழுதும் பக்கங்களில் தொடர்ந்தது. அதற்கு வேறு மருந்து தேடாமல், பத்தியின் கடைசி வாக்கியத்தை வெட்டுவது என் வேலை என்று பிரித்துக்கொண்டோம். எழுதும்போது தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பதைவிட, எழுதிவிட்டு வெட்டக் கொடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

விளைவு

பதினாறாம் மாதத்தில் முதல் வரைவு முடிந்தது. ஆனால் முதலில் திட்டமிட்ட நாவல் அல்ல. மூன்று தலைமுறைக் கதை, ஒரு தலைமுறையாகச் சுருங்கி, நூற்றிருபது பக்கக் குறுநாவலாக வந்தது. இதை இழப்பு என்று அவர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனடா எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ, குழந்தைகள் சிறுவயதில் இருந்தபோது நாவலுக்கு வேண்டிய நீண்ட நேரம் கிடைக்காததால் சிறுகதையைப் பிடித்தார், கடைசிவரை அதிலேயே நின்று 2013-இல் நோபல் பரிசு பெற்றார். வாழ்க்கை அனுமதிக்கும் நேரத்தின் அளவு, வடிவத்தைத் தீர்மானிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த மூன்று தலைமுறை நாவல் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது.

நடுவில் இரண்டு சிறுகதைகள் இதழ்களில் வந்தன. குறுநாவல் இப்போது இரண்டாம் வரைவில் இருக்கிறது, இன்னும் நூலாகவில்லை.

பள்ளியில் துறைத் தலைவர் பொறுப்பு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சம்பளத்திலும் மதிப்பிலும் அது இழப்பு. அவருக்குப் பின் பணியில் சேர்ந்தவர் அந்த இடத்துக்கு வந்தார். இதை அவர் சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டதாக எழுதினால் பொய்யாகும். கணவரின் பக்கத்தில், வாரம் இரண்டு நாட்கள் சீக்கிரம் கிளம்புவது அலுவலகத்தில் பேச்சாகியிருக்கிறது. மனைவி இத்தனை ஆண்டுகளாக அப்படிக் கிளம்பியதை யாரும் பேசியதில்லை என்று அவரே கவனித்துச் சொன்னார்.

மாற்ற வேண்டியவை

இன்னொருவருக்கு இதே நிலை வந்தால் வரிசையை மாற்றுவேன். பொறுப்பைக் கைமாற்றுவதை முதலில் வைப்பேன், அது வேரூன்ற மாதங்கள் ஆகின்றன. அதோடு, குழந்தையைப் பாதிக்கும் தேதிகளுக்கு மட்டும் இரண்டு பெரியவர்களும் பார்க்கக்கூடிய ஒரு பொது நாட்காட்டி முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். நினைவூட்டக் கூடாது என்ற விதியைச் சட்டை நிறத்துக்கு வைக்கலாம், போட்டித் தேதிக்கு வைக்கக் கூடாது.

மாணவர்கள், பிள்ளைகள் வாழ்க்கையை எழுத்தில் எடுத்தாள்வது பற்றிய பேச்சும் தொடக்கத்திலேயே நடக்க வேண்டும். நல்ல பக்கம் எழுதி முடித்தபின் அதை விடுவது மிகக் கடினம்.

திருத்தும் முறை பற்றிப் பள்ளியோடு செய்துகொள்ளும் உடன்பாடு எழுத்தில் இருப்பது நல்லது. இங்கே வாய்மொழியாக இருந்தது. தலைமை மாறியதும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியதாயிற்று, இரண்டு மாதங்கள் முழுத் திருத்தம் திரும்பி வந்தது.

இந்த நிகழ்வின் எல்லையையும் சொல்ல வேண்டும். நிரந்தர வேலை, பொறுப்பை வாங்கிக்கொண்ட கணவர், பள்ளி விட்டபின் திறந்திருக்கும் நூலகம் எல்லாம் இவருக்கு இருந்தன. ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆசிரியைக்கோ தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கோ இதில் பாதி பொருந்தாது. கைமாற்ற ஆள் இல்லாத இடத்தில் கைமாற்று என்று சொல்வது வேடிக்கை. குறிப்பு எழுதி வைப்பதற்கும் வடிவத்தைச் சுருக்குவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம் என்பதால் அவை இரண்டை மட்டும் தயங்காமல் சொல்லலாம்.

அடுத்த ஆண்டு இளையவன் பள்ளிக்குப் போகிறான். வீடு திரும்பும் நேரங்கள் மாறும், நூலக அறையின் ஐம்பது நிமிடம் நிற்குமா தெரியாது. துறைத் தலைவர் பொறுப்பும் மறுபடி சுற்றுக்கு வருகிறது. இந்த முறை அதை ஏற்றுக்கொண்டு, சனிக்கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு எழுத முடியுமா என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.